சூரியனின் உள்ளறையை அளந்த சர்பாணி பாசு

சூரியனின் உட்புறம் எப்படி இருக்கிறது என்பதை இன்றைய வானியல் நூல்கள் துல்லியமான எண்களோடு சொல்கின்றன. கொதித்துப் புரளும் வெளி அடுக்கு எந்த ஆழத்தில் முடிகிறது, அந்த அடுக்கில் ஹீலியம் எத்தனை சதவீதம் என்னும் இரண்டு எண்களைத் தேடிப் போனால், ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வரும்: சர்பாணி பாசு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருக்கும் இவர், இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தில். முதுநிலைப் படிப்பு புனே பல்கலைக்கழகத்தில். பிறகு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் பம்பாய் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார்.

இவருடைய துறைக்குச் சூரிய அதிர்வியல் என்று பெயர். பூகம்ப அலைகளைக் கொண்டு பூமியின் உட்புறத்தை அறிவதுபோல, சூரியனுக்குள் ஓடும் ஒலி அலைகளைக் கொண்டு அதன் உட்புறத்தை அறிவது இத்துறையின் வேலை. சூரியனிலிருந்து நமக்கு வரும் வெளிச்சம் முழுவதும் அதன் மேற்பரப்பில் சில நூறு கிலோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலத்திலிருந்து கிளம்புகிறது. அதற்குக் கீழே மையம் வரை ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர் ஆழம் இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியாலும் அதற்குள் பார்க்க முடியாது. ஆனால் ஒலி அந்த ஆழம் முழுவதும் போய் வருகிறது.

அந்த ஒலியைக் கேட்க உதவும் கருவி டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் சற்று நகரும், விலகிப் போகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். சூரிய ஆய்வில் இந்த உத்தி கண்ட தொடக்ககால வெற்றிகளில் பெரிய ஒன்று தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இந்தக் கோட்டு நகர்வை வைத்தே கண்டுபிடித்தார். உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1960இல், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ராபர்ட் லெய்டனும் அவருடைய சகாக்களும் அதே உத்தியால் சூரிய மேற்பரப்பு முழுவதையும் அளந்தபோது, அது எங்கு பார்த்தாலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 5 நிமிடம்.

இந்த ஐந்து நிமிட அசைவுக்குக் காரணம் புரியப் பத்தாண்டுகள் ஆயின. 1970இல் ரோஜர் உல்ரிக்கும், அடுத்த ஆண்டு ஜான் லெய்பாக்கர், ராபர்ட் ஸ்டைன் ஆகியோரும், சூரியனுக்குள் சிறைப்பட்ட ஒலி அலைகளே மேற்பரப்பை அசைக்கின்றன என்று விளக்கினார்கள். மேற்பரப்புக்கு அடியில் புரளும் வாயுவின் இரைச்சல் ஒலி அலைகளைக் கிளப்புகிறது. உள்ளே போகும் அலை, வெப்பம் கூடக்கூட வேகம் பெற்று வளைந்து மேலே திரும்புகிறது. மேற்பரப்பில் அடர்த்தி சட்டென்று குறைவதால் அங்கே மோதி மறுபடி உள்ளே திரும்புகிறது. சில அலைகள் மேலோட்டமாகவே சுற்றிவரும், சில மையத்தைத் தொட்டு வரும். இப்படி லட்சக்கணக்கான அலைவு வகைகள் ஒரே நேரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் வேகமும் மேற்பரப்பில் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான், மிஞ்சினால் இருபது சென்டிமீட்டர். 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து இந்த அசைவைப் பிடித்துவிட முடிகிறது என்பதே வியப்புக்குரிய செய்தி.

சந்தையில் மண்பானை வாங்குபவர்கள் விரலால் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தே வெந்ததா, விரிசல் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். பாசு கற்றுத் தேர்ந்த கணிதமும் அடிப்படையில் அதைத்தான் செய்கிறது. வாயுவில் ஒலியின் வேகம் முக்கியமாக இரண்டைப் பொறுத்தது: வெப்பநிலை எவ்வளவு, வாயுத் துகளின் சராசரி எடை எவ்வளவு. அலைவுகளின் அதிர்வெண்ணைத் துல்லியமாக அளந்தால், எந்த ஆழத்தில் ஒலி எந்த வேகத்தில் ஓடியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இதைத் தலைகீழ்க் கணிப்பு என்று சொல்லலாம். இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அளவீட்டில் உள்ள மிகச் சிறிய பிழைகூடப் பின்னோக்கிக் கணக்கிடும்போது பூதாகரமாக வளர்ந்து, இல்லாத அமைப்புகளை இருப்பதுபோல் காட்டிவிடும். உண்மையான சமிக்ஞை எது, கணக்கு உண்டாக்கிய மாயை எது என்று பிரித்தறியும் நிதானம் இந்தத் துறையில் எல்லாவற்றையும்விட முக்கியம். பாசுவின் பெயர் நிலைபெற்றது அந்த நிதானத்தால்தான்.

டாடா நிறுவனத்தில் ஹெச். எம். ஆண்டியாவோடு சேர்ந்து பாசு தொடங்கிய ஆய்வுக் கூட்டணி பல பத்தாண்டுகள் நீடித்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பெரிய கேள்விகளில் ஒன்று ஹீலியம்.

ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் தென்னிந்தியாவுக்குப் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் முகாமிட்டுக் கவனித்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரிய விளிம்பின் ஒளியில் தெரிந்த மஞ்சள் கோடு, அதுவரை பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துடையது என்று பின்னர் முடிவாயிற்று. கிரேக்க மொழியில் சூரியனுக்குள்ள பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இவ்வளவு இருந்தும், சூரியனில் ஹீலியம் எவ்வளவு என்று நேரடியாக அளக்க வழியில்லாமல் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தது. சூரிய மேற்பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஹீலியத்தின் கோடுகளை அங்கே எழுப்ப அந்த வெப்பம் போதாது. அதனால் இரும்பு, கால்சியம், ஆக்சிஜன் முதலியவற்றை அளப்பதுபோல் ஹீலியத்தை ஒளியில் அளக்க முடியவில்லை.

ஒலி அந்தத் தடையைத் தாண்டியது. மேற்பரப்புக்குக் கீழே, ஆரத்தில் ஏறக்குறைய 2 சதவீத ஆழத்தில், ஹீலியம் அணுக்கள் தங்கள் இரண்டாவது எலக்ட்ரானையும் இழக்கின்றன. அந்த இடத்தில் வாயுவின் அழுந்தும் தன்மை சற்று மாறுவதால் ஒலியின் போக்கில் ஒரு சிறு மேடு உண்டாகிறது. மேடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஹீலியம். 1990களின் நடுவில் பாசுவும் ஆண்டியாவும் இதை அளந்து, வெளி அடுக்கின் எடையில் ஹீலியம் கிட்டத்தட்ட 25 சதவீதம் என்றார்கள். 2004இல் மேம்பட்ட தரவோடு அவர்கள் தந்த எண் 24.85 சதவீதம், ஏறக்குறைய 0.34 சதவீதம் கூடலாம், குறையலாம். சூரியன் பிறந்தபோது இருந்திருக்க வேண்டிய ஹீலியம் இதைவிடக் கூடுதல், சுமார் 27 சதவீதம். மீதி எங்கே போயிற்று? 460 கோடி ஆண்டுகளாக அது எடையின் காரணமாக மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. கனமான தனிமங்கள் படியும் இந்த மந்தமான நிகழ்வைச் சேர்க்காமல் கணினியில் கட்டிய சூரிய மாதிரிகள் இனி நிற்க முடியாது என்று ஒலி அளவீடுகள் காட்டின.

அடுத்தது ஆழம். சூரியனின் மையத்தில் அணுக்கருச் சேர்க்கையால் பிறக்கும் ஆற்றல், நெடுந்தூரம் கதிர்வீச்சாகவே மேலே வருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வாயு கதிர்வீச்சை எளிதில் விடுவதில்லை. அங்கிருந்து வாயுவே சூடாகி மேலெழுந்து, ஆறி, கீழிறங்கி ஆற்றலைச் சுமக்கிறது. இந்த எல்லையை வெப்பச்சலன மண்டலத்தின் அடித்தளம் என்பார்கள். மையத்திலிருந்து ஆரத்தில் 0.713 பங்கு தொலைவில் அது இருப்பதாக 1991இல் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்ட், காஃப், தாம்ப்சன் ஆகியோர் கண்டார்கள். பாசுவும் ஆண்டியாவும் 1997இல் அதே எண்ணை, பிழை வரம்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து உறுதி செய்தார்கள். அப்படிப் பார்த்தால், சூரியனின் மேல் தோலிலிருந்து சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் கீழே உள்ள ஓர் எல்லை, சில நூறு கிலோமீட்டர் பிசகில் நமக்குத் தெரிகிறது.

இந்தத் துல்லியம் தனி ஒருவரின் கணக்கால் மட்டும் வந்ததில்லை. சூரியன் மறையும்போது பதிவு அறுந்துபோனால் அதிர்வெண்ணில் குழப்பம் வரும். அதனால் 1995இல், உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரியான கருவிகளை வைத்து காங் என்னும் வலையமைப்பு தொடங்கப்பட்டது. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூரில், இன்னொன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவின் டைடே வானாய்வகத்தில் உள்ளது. ஓரிடத்தில் பொழுது சாயும் முன் அடுத்த இடத்தில் விடிந்திருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று ஏவப்பட்ட சோஹோ விண்கலம், இரவே இல்லாத இடத்திலிருந்து சூரியனைப் பார்க்கத் தொடங்கியது. பாசு ஆய்வுலகில் நுழைந்த வேளையும் இந்தத் தரவுப் பெருக்கும் ஒன்றாக வந்தன. அந்த வாய்ப்பை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

முனைவர் பட்டத்துக்குப் பின் அவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதிர்வியலின் முன்னோடியான யோர்கன் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்டின் இடம் அது. 1996இல் 'சயன்ஸ்' இதழில் வந்த, இன்றும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் 'மாதிரி எஸ்' என்ற சூரிய மாதிரியை விவரித்த கட்டுரையின் ஆசிரியர்களில் பாசுவும் ஒருவர். அங்கிருந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே, சூரிய மாதிரிகளைக் கணக்கிட்டுவந்த ஜான் பாக்கால் இருந்தார். முப்பது ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்கும் காத்திருந்தது.

சூரியனின் மையத்தில் ஆற்றல் பிறக்கும்போது நியூட்ரினோக்கள் என்னும் துகள்களும் பிறந்து, எதிலும் சிக்காமல் நேரே வெளியேறுகின்றன. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், உலர்சலவைக்குப் பயன்படும், குளோரின் அடங்கிய திரவத்தை 600 டன்னுக்கு மேல் தொட்டியில் நிரப்பி, ரேமண்ட் டேவிஸ் அவற்றை எண்ணினார். 1968 முதல் அவருக்குக் கிடைத்தது, பாக்கால் கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். தவறு யாருடையது? பாக்காலின் சூரிய மாதிரி பிழையா, அல்லது நியூட்ரினோவின் இயல்பே நமக்குத் தெரியவில்லையா? பல இயற்பியலாளர்கள் சூரிய மாதிரியைத்தான் சந்தேகித்தார்கள். மையத்தின் வெப்பம் சில சதவீதம் குறைந்தாலே டேவிஸ் எண்ணிய வகை நியூட்ரினோ பெருமளவு குறைந்துவிடும் என்பதால், சந்தேகத்துக்கு இடமும் இருந்தது.

இதற்கு ஒலி ஒரு பதில் தந்தது. பாக்கால், பின்சன்னோ, பாசு, கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்ட் நால்வரும் 1997இல் வெளியிட்ட கட்டுரையில், மாதிரி சொல்லும் ஒலி வேகத்தையும் சூரியனில் அளந்த ஒலி வேகத்தையும் ஆழம் ஆழமாக ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சராசரியாக 0.1 சதவீதம் அளவில்தான் இருந்தது. நியூட்ரினோக் குறைவை விளக்கும் அளவுக்கு மையம் குளிர்ந்திருந்தால், இந்த வித்தியாசம் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். ஆகவே சூரிய மாதிரியின் மேல் பழியில்லை. 2001, 2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகம், நியூட்ரினோக்கள் வரும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று காட்டியபோது வழக்கு முடிந்தது. டேவிஸுக்கு 2002இலும், சட்பரி ஆய்வை வழிநடத்திய ஆர்தர் மெக்டொனால்டுக்கு 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பட்டியலில் அதிர்வியலாளர்கள் இல்லை. ஆனால் தீர்ப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூரியனின் பக்கம் நின்று சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான். அந்தச் சாட்சியத்தின் நுணுக்கமான கணக்குகளில் பாசுவின் கை இருந்தது.

2000ஆம் ஆண்டில் பாசு யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். விண்மீன்களின் வாழ்வைக் கணினியில் கட்டிப்பார்ப்பதில் பியர் டெமார்க் போன்றவர்கள் அங்கே ஒரு மரபை உருவாக்கியிருந்தார்கள். பின்னாளில் பாசு அங்கு வானியல் துறைத் தலைவராகவும் இருந்தார்.

யேலுக்கு வந்த சில ஆண்டுகளில், சூரிய இயற்பியலை இன்றுவரை அலைக்கழிக்கும் சிக்கல் எழுந்தது. சூரியனில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த மற்ற எல்லாத் தனிமங்களையும் வானியலாளர்கள் 'உலோகங்கள்' என்று ஒரே பெயரில் அழைப்பார்கள். ஆக்சிஜனும் கார்பனும்கூட அந்தக் கணக்கில் உலோகமே. எடையில் 2 சதவீதத்துக்கும் குறைவான இவைதான் கதிர்வீச்சைத் தடுத்து நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அதனால் வெப்பச்சலன மண்டலம் எங்கே தொடங்கும் என்பதையும் பெரிதும் இவையே தீர்மானிக்கின்றன. 2004 முதல் மார்ட்டின் ஆஸ்பிளண்டும் அவருடைய குழுவினரும், சூரிய வளிமண்டலத்தின் புரளலையும் சேர்த்துக் கணித்த புதிய முப்பரிமாண மாதிரிகளால் நிறமாலையை மறுபடி ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் பழைய மதிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று முடிவு வந்தது. முறை பழையதைவிட மேலானது. ஆனால் அந்த எண்களை வைத்துக் கட்டிய சூரியன் உண்மையான சூரியனோடு ஒத்துப்போகவில்லை. அதில் வெப்பச்சலன மண்டலத்தின் அடித்தளம் 0.713க்குப் பதில் 0.728 அருகில் வந்தது. ஹீலியம் 23 சதவீதத்துக்கு இறங்கியது. ஒலி வேகமும் விலகியது.

பாசுவும் ஆண்டியாவும் இதில் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. மாதிரியைக் கொண்டு வாதாடாமல், உலோகங்களின் அளவையே ஒலியைக் கொண்டு நேராக அளக்க முயன்றார்கள். ஹீலியத்தைப்போலவே ஆக்சிஜன் முதலியவையும் எலக்ட்ரான்களை இழக்கும் இடங்களில் ஒலியின் போக்கில் தடம் பதிக்கும். ஹீலியத்தின் தடத்தைவிட அது மிக மெல்லியது. 2006இல் அவர்கள் தந்த விடை: வெளி அடுக்கின் எடையில் உலோகங்கள் 1.72 சதவீதம், பிழை வரம்பு 0.2 சதவீதம். பழைய நிறமாலை மதிப்பு சுமார் 1.7, புதிய மதிப்பு சுமார் 1.2. ஒலி பழைய பக்கமே சாய்ந்தது. இந்தப் பிணக்கின் எல்லாப் பக்கங்களையும் அலசி இருவரும் 2008இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வு, துறைக்குள் வரும் மாணவர்கள் படித்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிட்டது.

தீர்வு இன்னும் முழுமையாக வரவில்லை. 2015இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், சூரியனின் அந்த ஆழத்துக்கு நெருங்கிய வெப்பத்துக்கு இரும்பைச் சூடாக்கி அளந்தபோது, அது கதிர்வீச்சைத் தடுப்பது கோட்பாடு சொன்னதைவிட 30 முதல் 400 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் குறை ஆக்சிஜன் கணக்கில் இல்லாமல், தடுப்புத் திறன் கணக்கில் இருக்கலாம். 2022இல் எகாடெரினா மாக் தலைமையிலான குழு ஆக்சிஜன் மதிப்பை மறுபடி உயர்த்தி, பழைய எண்ணுக்கு அருகே கொண்டுவந்தது. ஆஸ்பிளண்ட் குழு குறைந்த மதிப்பிலேயே நிற்கிறது. இரு தரப்பும் தங்கள் எண்ணை உரசிப் பார்க்கும் உரைகல்லாக இருப்பவை அந்த 0.713உம் 24.85 சதவீதமும்தான்.

சூரியன் மாறாத பொருள் இல்லை. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைகின்றன. அதற்கேற்ப ஒலியின் அதிர்வெண்ணும் மிக மிகச் சிறிதளவு ஏறி இறங்குகிறது. 2008, 2009இல் சூரியன் பெரும்பாலான நாட்கள் புள்ளியே இல்லாமல் கிடந்தது. அண்மைக் காலத்தில் காணாத அமைதி அது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அதிர்வுப் பதிவு வலையமைப்பு நீண்ட காலம் சேர்த்து வைத்திருந்த தரவைக் கொண்டு, பாசு, புரூம்ஹால், சாப்ளின், எல்ஸ்வொர்த் ஆகியோர் 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மேற்பரப்புக்கு அடியில் காந்தத்தின் செல்வாக்கு உள்ள அடுக்கு, அந்த அமைதிக்கு முன் வந்த 11 ஆண்டுச் சுழற்சியில், அதற்கும் முந்தைய சுழற்சியில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே உள்நோக்கித் திரும்பிவிடும் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் காந்த மாற்றத்தை ஏறக்குறைய உணரவே இல்லை. அந்தப் பேரமைதி வரும் முன்பே அறிகுறி ஒலியில் இருந்தது என்பது கட்டுரையின் வாதம். செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் சூரியப் புயல்கள் தாக்கும் காலத்தில் இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு.

சூரியனில் கற்ற வித்தையை மற்ற விண்மீன்களிடம் கொண்டுபோவது பாசுவின் பணியில் அடுத்த கட்டம். 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, கோள்களைத் தேடுவதற்காக விண்மீன்களின் ஒளியை இடைவிடாமல் அளந்தது. அந்த ஒளியின் நடுக்கத்தில் விண்மீன்களின் அலைவும் பதிவாகியிருந்தது. வெளிக்கோள் ஒன்றின் அளவை அறிய வேண்டுமானால் அதன் தாய் விண்மீனின் அளவு முதலில் தெரிய வேண்டும். விண்மீன் நினைத்ததைவிடப் பெரிதென்றால், கோளும் அதே விகிதத்தில் நினைத்ததைவிடப் பெரிதாகிவிடும். அதிர்வெண்களைக் கொண்டு விண்மீனின் ஆரத்தையும் எடையையும் கணிக்கும் முறையை பாசு, சாப்ளின், எல்ஸ்வொர்த் மூவரும் உருவாக்கினார்கள். சூரியனை ஒத்த சுமார் 500 விண்மீன்களின் அலைவைத் தொகுத்து 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்விலும் பாசுவின் பங்கு உண்டு. அதே ஆண்டு இரண்டு விண்மீன் கூட்டங்களின் வயதை அவருடைய குழு ஒலியால் கணித்தது: என்ஜிசி 6819க்கு 200 முதல் 240 கோடி ஆண்டு, என்ஜிசி 6791க்கு 680 முதல் 860 கோடி ஆண்டு. இரண்டாவது கூட்டம் சூரியன் பிறப்பதற்கு 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஒளிவிடத் தொடங்கிவிட்டது.

இந்தக் கணக்கு முறைகளைப் புதியவர்களுக்குக் கற்பிக்க பாசுவும் வில்லியம் சாப்ளினும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினார்கள். விண்மீன் அதிர்வுத் தரவை எப்படிக் கையாள்வது என்பதை அடிப்படையிலிருந்து விளக்கும் அந்நூல் 2017இல் வெளியானது. அவருக்குக் கிடைத்த கௌரவங்களில் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இளம் ஆய்வாளர்களுக்கு இந்திய வானியல் சங்கம் வழங்கும் வைணு பாப்பு தங்கப் பதக்கம். சென்னையில் பிறந்து, கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைமையேற்று, காவலூர் வானாய்வகத்தை எழுப்பியவரின் நினைவாக அமைந்தது அது. மற்றொன்று, அமெரிக்க வானியல் சங்கத்தின் சூரிய இயற்பியல் பிரிவு தரும் ஜார்ஜ் எல்லரி ஹேல் பரிசு. சூரியப் புள்ளிகளில் காந்தம் இருப்பதைக் கண்டறிந்தவரின் பெயரால் வழங்கப்படும் அந்தப் பரிசை, சூரியக் காற்றை முன்னறிந்து சொன்ன யூஜின் பார்க்கர் முன்பே பெற்றிருந்தார். 2018இல் அது சர்பாணி பாசுவுக்கு வழங்கப்பட்டது.